பட்டா இல்லாத பரம்பரை

(மணிமுத்தாறில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தலைமுறை நாவல் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு தலைமுறையை எடுத்துக்கொண்டு, அவர்கள் தங்களை யாரென்று நினைத்தார்கள், எந்த ஊரைத் தங்கள் ஊர் என்றார்கள், முன்னோர் விட்டுப்போனதில் எதைக் காப்பாற்றினார்கள், எதை இழந்தார்கள் என்று சொல்கிற நாவல். வேறு ஊராக இருந்தால் பத்து நல்ல நாவல்களின் பெயரைச் சொல்லி, கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். மணிமுத்தாறில் நின்றுகொண்டு அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அணைக்கு மேற்கே தெரிகிற மலைக்குள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் இருக்கின்றன. ஏறக்குறைய நூறு ஆண்டு நீளமுள்ள ஒரு குடும்ப நாவல் அங்கே நடந்து முடிந்திருக்கிறது. கட்டுரைகளும் ஆவணப்படங்களும் கதைகளும் அதன் சில பக்கங்களைத் தொட்டிருக்கின்றன. முழு நாவலாக அதை எழுதப்போகிறவர் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்று நம்பித்தான் வந்திருக்கிறேன். அவரிடம் சொல்ல நினைப்பதையே உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

தலைமுறை நாவல் எழுதுகிறவனுக்கு முதல் தொல்லை காலம். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது? மாஞ்சோலைக் கதையில் இந்த வேலையை ஒரு பத்திரம் செய்து வைத்திருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், தன் காட்டில் 8,373 ஏக்கர் 57 சென்ட் பரப்பை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்தக் குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று வைத்தால் நான்கு தலைமுறை. மலைப்பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகிவிடும் என்பதால் பல வீடுகளில் ஐந்து. கொள்ளுப்பாட்டி காட்டை வெட்டித் தேயிலை நட்ட இடத்தில் கொள்ளுப்பேத்தி மூட்டை கட்டுகிறாள். நடுவில் நடந்த பிறப்பு, சாவு, கல்யாணம் எல்லாமே அவர்கள் யாரும் கையெழுத்துப் போடாத ஒரு பத்திரத்தின் கெடுவுக்குள் நடந்தவை.

அந்தப் பத்திரத்துக்கு இரண்டு தரப்பு. இரண்டுமே தமக்கென்று வம்சக் கதை உள்ளவை. சிங்கம்பட்டிக் காடு திருவிதாங்கூர் மன்னருக்கு உதவியதற்காகக் கிடைத்தது என்பது ஜமீன் வழிவந்த கதை. ஜமீன் வாரிசு ஒருவர் சென்னையில் ஒரு கொலை வழக்கில் சிக்கிக்கொள்ள, அந்தச் செலவில் பட்ட கடனை அடைக்கத்தான் காடு குத்தகைக்குப் போனது என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். பிறகு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950களின் தொடக்கத்தில் நிலம் அரசிடம் போனது, குத்தகை மட்டும் அப்படியே நீடித்தது. முடிசூட்டிக்கொண்ட கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அமர்ந்து அவர் காட்சி கொடுத்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நிலம் போய் அறுபது எழுபது ஆண்டான பிறகும் தலைப்பாகையும் வாளும் மரியாதையும் அவருக்கு வாரிசுரிமையாக வந்துகொண்டே இருந்தன. சொத்து போன பிறகும் ஒரு குடும்பம் தான் யார் என்பதை ஊர் முன்னிலையில் நிறுவிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. ஊரும் அதை ஏற்றுக்கொண்டது.

கம்பெனியின் கதையும் பழையது. 1863இல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கியது, பர்மாவின் தேக்கை வெட்டி வளர்ந்தது. தேக்கு விவகாரத்தில் பர்மிய மன்னர் தீபாவுக்கும் இந்தக் கம்பெனிக்கும் எழுந்த தகராறுதான் 1885 போருக்குச் சாக்கானது. அந்தப் போரோடு பர்மாவின் அரச வம்சம் முடிந்துபோனது. இன்று கம்பெனி வாடியா குழுமத்தில் இருக்கிறது. உரிமையாளர் மாறலாம், தேக்கு போய்த் தேயிலை வரலாம், பெயர் மட்டும் நூற்றறுபது ஆண்டாகப் பரம்பரையாக வருகிறது. கம்பெனிக்கும் வாரிசு உண்டு.

மூன்றாவது தரப்பு பத்திரத்தில் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமங்களிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தும் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஏறியவர்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதிக் குடும்பங்கள். ஜமீனுக்குப் பட்டயம், கம்பெனிக்குப் பங்குப் பத்திரம். இவர்களுக்கு இருந்த ஒரே ஏடு செக்ரோல். எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை நாள் பேர் என்று பதிகிற ஏடு. நம் நாவலாசிரியர் இந்த மூன்றாவது குடும்பத்தை நடுவில் வைத்து எழுத வேண்டும். மற்ற இரண்டும் ஓரத்தில் வந்துபோனால் போதும்.

தமிழில் தலைமுறைக் கதையைச் செழிப்பாக எழுதியவர்கள் பெரும்பாலும் நம் தெற்குச் சீமைக்காரர்கள்தான். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ கரிசல் மண்ணின் பல சாதிகளைப் பல தலைமுறைகளுக்குப் பின்தொடர்கிறது, 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த விருதைப் பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’ தூத்துக்குடிக் கடலோரத்தின் கதை. கரிசலுக்கு நாவல் இருக்கிறது, கடலுக்கு இருக்கிறது. பொருநை என்கிற தாமிரபரணி பிறக்கிற மலைக்கு அந்த அளவில் ஒன்று வேண்டும்.

‘கோபல்ல கிராம’த்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். ஆந்திரத்திலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஒரு கூட்டம் தெற்கே வந்து, காட்டைத் தீயிட்டு அழித்து, நிலமாக்கி, ஊராக்கிக்கொள்கிறது. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். காடு அழிந்த இடம் அவர்கள் பேரில் நின்றது. அதனால்தான் பாட்டி கதை சொல்லவும், பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கவும் ஒரு திண்ணை இருந்தது. மாஞ்சோலைக்காரர்களும் காட்டைத்தான் அழித்தார்கள். அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் செத்துச் செத்து அழித்தார்கள். உழைப்பு ஒன்றுதான், உரிமை மட்டும் வேறாகிவிட்டது. வந்தேறிய ஒரு கூட்டம் இரண்டாம் தலைமுறையில் நிலக்காரர்களாகிறது. இன்னொரு கூட்டம் ஐந்தாம் தலைமுறையிலும் வேலைக்காரர்களாகவே நிற்கிறது. சாதியும் மூலதனமும் எப்படி வேலை செய்கின்றன என்று பாடம் நடத்தத் தேவையில்லை, இந்த இரண்டு காடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கி.ரா.வின் நாவலை நான் மிகவும் நேசிக்கிறேன். அதைப் படித்தவன் மாஞ்சோலைக்காக அதைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்துக்குப் போன நெல்லை மனிதர்களை நம் இலக்கியம் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதியின் கதை. 1930களில் எழுதியது. பி. எச். டேனியல் வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969இல் வெளிவந்தது, இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அதில் வரும் கருப்பனும் வள்ளியும் நம் மாவட்டத்து மயிலோடையிலிருந்துதான் ஆனைமலைக்குப் புறப்படுகிறார்கள். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை அந்த நாவல். மூன்றையும் நீங்கள் அறிவீர்கள். மூன்றும் முதல் தலைமுறையின் கண்ணீரில் வலுவாக நிற்பவை. ஏமாற்றிக் கூட்டிப்போனது, கடன், கொள்ளைநோய், துரையின் கொடுமை. ஆனால் கருப்பனின் பேரன் என்ன ஆனான்? துரை போய், தொழிற்சங்கம் வந்து, 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகு பிறந்தவன் அவன். அந்த மலையைச் சிறை என்று சொல்ல அவனுக்கு நா எழாது. அது அவன் பிறந்த ஊர், பனியும் கால்பந்து மைதானமும் கிறிஸ்துமஸும் கோயில் கொடையும் உள்ள ஊர். பாட்டிக்கு நரகமாக இருந்த இடம் பேரனுக்குச் சொந்த ஊராவதை எழுத ஒரே தலைமுறைக் கதை போதாது. இந்த இடத்தில்தான் தலைமுறை நாவல் தேவைப்படுகிறது. தாத்தா தப்பியோட நினைத்த பாதையில், பேரன் இறங்க மாட்டேன் என்று அழுகிறான். இரண்டும் உண்மை, ஒன்றை ஒன்று பொய்யாக்குவதில்லை.

இனி வாரிசுரிமைக்கு வருகிறேன். நான் அதிகம் பேச நினைப்பது இதைத்தான்.

குடும்ப நாவலில் வழக்கமாகச் சொத்து மேலிருந்து கீழே வரும். அப்பா சாவார், வீடு பிள்ளைக்கு வரும், அண்ணன் தம்பி சண்டை வரும். தாமஸ் மன் 1901இல் எழுதிய ‘புடன்புரூக்ஸ்’ நான்கு தலைமுறை வணிகக் குடும்பத்தின் கதை. அதில் குடும்ப ஏடு ஒன்று உண்டு. பிறப்பும் இறப்பும் அதில் பதிவாகும். கடைசிப் பையன் தன் பெயருக்குக் கீழே கோடு இழுத்துவிடுகிறான், இனி ஒன்றும் வராது என்று நினைத்தேன் என்கிறான். தன் வம்சத்தைத் தானே முடித்துவைக்கிற உரிமை அந்தப் பையனுக்கு இருந்தது.

மாஞ்சோலையில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டில் நடந்தது வேறு. வீடு கம்பெனியுடையது. வீட்டில் ஒருவர் பெயர் செக்ரோலில் இருந்த வரைதான் வீடு இருந்தது. ஓய்வு வயது வந்து, பிள்ளைகள் யாரும் வேலைக்குச் சேரவில்லை என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே இங்கே சொத்து கீழிருந்து மேலே போனது. பிள்ளை கூடையை எடுத்தால்தான் அம்மாவுக்கு வீடு. கொழுந்து எடுத்தது பெரும்பாலும் பெண்கள் என்பதால், பல வீடுகளில் இந்தச் சுமை மகள் மேலோ மருமகள் மேலோ இறங்கியது. தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த சட்டத் திருத்தம் 1989இல் வந்தது. மலையில் பெண்கள் அதற்கு வெகு காலம் முன்பே வாரிசாகியிருந்தார்கள், கூடைக்கு.

நம் நாவலாசிரியருக்காக ஒரு காட்சியைக் கற்பனை செய்து தருகிறேன். காலம் 1990கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை. வெளியே தூறல். அம்மாவுக்கு ஓய்வு வர இன்னும் இரண்டு மாதம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசை.

“ஏட்டி, இன்னும் ரெண்டு மாசந்தான். அதுக்குள்ள ஒம் பேரு ஏறலேன்னா வீட்ட ஒப்படைக்கணும்.”

“நான் படிக்கணும்மா.”

“படி. நான் வேண்டாம்னா சொன்னேன்? லீவுக்கு எங்க வருவ?”

மகள் பதில் சொல்லவில்லை. அடுப்புக்குப் பின்னால் ஆச்சி படுத்திருக்கிறாள். இந்தக் கேள்வி அவள் முன்னாலும் ஒரு காலத்தில் நின்றது. அவளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது என்பதால் பதிலைத் தேடும் சிரமம் இருக்கவில்லை.

இந்தக் காட்சியில் கெட்டவர் யாரும் இல்லை. மேஸ்திரி வந்து மிரட்டவில்லை. அம்மா மகளை நேசிக்கிறாள். மகள் அம்மாவை நேசிக்கிறாள். ஒரு விதி மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. துரையின் சவுக்கை எழுதுவது எளிது. மிரட்ட ஆளே இல்லாமல் ஒரு தலைமுறையை இன்னொரு தலைமுறையோடு கட்டிப்போடுகிற விதியை எழுதுவது கடினம். நாவலாசிரியரின் திறமையெல்லாம் இங்கே தேவைப்படும். மகள் கூடையை எடுத்தாளா, மலையை விட்டுப் போனாளா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்தால் அடுத்த முப்பது ஆண்டு அம்மாவிடம் சொல்லாத ஒரு சொல் அவள் வாயில் இருக்கும். போனால், அம்மாவையும் ஆச்சியையும் வீட்டிலிருந்து இறக்கியவள் என்ற நினைப்பு அவளோடு நர்ஸ் உடுப்பில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வரும்.

காலத்தைக் காட்டுவதற்கும் மலையிலேயே கருவி இருக்கிறது. தேயிலையை விட்டுவிட்டால் அது மரமாக வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். நூறு வயதான செடியும் இடுப்புயரம்தான். அத்தியாயங்களைத் தேதியால் பிரிக்காமல் கவாத்தால் பிரிக்கலாம். முதல் கவாத்துக்கு ஒரு கல்யாணம், மூன்றாவதற்கு ஒரு சாவு. அங்கே வேலை பார்த்தவர்கள் அப்படித்தான் கணக்கு வைத்திருப்பார்கள்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன், இது மணிமுத்தாறுக்கே உரியது. நாங்குநேரிப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவர். 1930களில் பஞ்சம் தாங்காமல் தம்பி மலையேறுகிறான். அண்ணன் ஊரிலேயே கிடக்கிறான். 1958இல் இந்த அணை கட்டி முடிகிறது. 118 அடி. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் காய்ந்த நிலங்களுக்குக் கால்வாயில் தண்ணீர் போகிறது. தம்பி வேலை செய்கிற மலையில் பெய்த மழை இறங்கி வந்து, அண்ணன் கூலிக்குப் போகிற வயலை நனைக்கிறது. அண்ணன் மக்களுக்கு நடவும் அறுப்பும் கிடைக்கின்றன. ஒருவேளை ஒரு துண்டு நிலம், அதற்கொரு பட்டா. இரண்டு கிளையும் கல்யாண வீட்டில் சந்திக்கும்போது யார் யாரை உயர்வாகப் பார்ப்பார்கள்? அறுபதுகளில் மலைக்காரர்தான் உசத்தி. மாதச் சம்பளம், பி.எஃப்., ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். மலையைக் காலி செய்யச் சொன்ன 2024இல் அது தலைகீழ். ஒரே ஆற்றின் மேலும் கீழும் இரண்டு கிளைகளை வைத்தால் இந்தப் பள்ளத்தாக்கே நாவலுக்குள் வந்துவிடும்.

ஊர் என்கிற கேள்வியை இப்போது எடுத்துக்கொள்வோம். கீழே வந்தால் “எந்த ஊரு?” என்று கேட்பார்கள். மாஞ்சோலை என்றால் விடமாட்டார்கள். “அது சரி, சொந்த ஊரு எது? எந்தத் தெரு?” என்பார்கள். எந்தத் தெரு என்ற கேள்வி எதை விசாரிக்கிறது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். தாத்தா விட்டுவந்த கிராமத்தில் இவனுக்கு வீடு இல்லை, அடையாளம் சொல்ல ஆளில்லை. சாதி மட்டும் அங்கே இவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மலையில் எஸ்டேட் பெயரைச் சொன்னால் போதுமாக இருந்தது. லைனில் சாதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்து, ஒரே மழையில் நனைந்து பழகிய பிள்ளைக்கு, கீழே இறங்கியதும் தெரு தெருவாகப் பிரிந்த ஊரைப் புரிந்துகொள்ளவே சில காலம் பிடிக்கும்.

மின் ஜின் லீ 2017இல் எழுதிய ‘பச்சிங்கோ’ இங்கே உதவும். ஜப்பானில் வாழ்கிற கொரியக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறை. ஜப்பானிலேயே பிறந்த பையன் பதினான்காம் வயதில் போய், அந்நியனாகப் பதிவுசெய்து கைரேகை வைக்க வேண்டியிருக்கிறது. நம் மலையகச் சொந்தங்களின் கதையும் அதுதான். இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்குபோட்டது. திரும்பி வந்தவர்களை நீலகிரியில் ‘சிலோன்காரங்க’ என்றோம். மாஞ்சோலைக்காரர்களிடம் வாக்காளர் அட்டை உண்டு, ரேஷன் கார்டு உண்டு, யாரும் அவர்களை நாடற்றவர் என்று சொல்லவில்லை. ஆனாலும் தான் பிறந்த ஊருக்கு ஏற வேண்டுமென்றால் மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்துதான் போக வேண்டும். இறங்கி வந்துவிட்ட குடும்பத்துக்கு அங்கே கேட்கிற முதல் கேள்வி “எதுக்குப் போறீங்க?” என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு அத்தியாயம் முழுக்கப் பதில் எழுதலாம்.

1999 ஜூலை 23ஐத் தொடாமல் இந்த நாவல் போக முடியாது. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், போராடிச் சிறைக்குப் போன அறுநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும், திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் காவல்துறை தடியடி நடத்தியது. மக்கள் தாமிரபரணிக்குள் ஓடினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. ஆர். ஆர். சீனிவாசனின் ஆவணப்படம் அந்த நாளைப் பதிந்து வைத்திருக்கிறது. மாரி செல்வராஜ் தன் கதைத் தொகுப்புக்கே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பில் நாவலாசிரியருக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த நாளின் அத்தியாயத்தை ஆற்றங்கரையில் மட்டும் எழுதாதீர்கள். அன்றிரவு ஆட்கள் திரும்புவதற்காக லைனில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவர்களையும் எழுதுங்கள். உயிரோடு திரும்பியவன் மறுநாள் காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பிரட்டுக்குப் போய் நின்றானா? பக்கத்தில் நிற்க வேண்டியவரின் இடம் காலியாக இருந்ததா? அவன் மகன் பின்னாளில் நகரத்தில் வேலைக்குப் போய், ஒவ்வொரு நாளும் அந்த ஆற்றின் பாலத்தைப் பேருந்தில் கடக்கிறான். அப்பா தண்ணீருக்குள் எத்தனை நேரம் இருந்தார் என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிள்ளைகள் கேட்காத கேள்விகளும் வாரிசுரிமைதான். பத்திரத்தில் வராததால் அவற்றைப் பங்கு பிரிக்கவும் முடிவதில்லை.

கடைசிப் பகுதி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2018இல் மாஞ்சோலைக் குத்தகை நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய நான்கு ஆண்டுக்குக் குறைவாக இருந்தபோது, 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வை அறிவித்து ஆகஸ்ட் மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னது. அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீ தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். டிசம்பரில் அந்த மனுக்கள் தள்ளுபடியாயின.

காடு காடாகத் திரும்புவதை நான் எதிர்க்கவில்லை. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். இந்த மலை பிழைத்தால்தான் பொருநை ஓடும், பொருநை ஓடினால்தான் கீழே இரண்டு மாவட்டம் குடிக்கும், விதைக்கும். புலிக்கும் இடம் வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. ஜமீனுக்கு நிலம் போனபோது இழப்பீடும் பட்டமும் மிஞ்சின. கம்பெனிக்குக் குத்தகை போனாலும் வேறு தொழில்கள் உண்டு. காட்டுக்குக் காடு திரும்பக் கிடைக்கிறது. இந்தக் கணக்கில் ஐந்து தலைமுறைக்காரர்களுக்குக் கிராஜுவிட்டியும் ஓய்வுத் தொகையும் எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். அவர்களின் கல்லறைகள் மேலே இருக்கின்றன. தேயிலைக்கு நடுவில் அம்மாவைப் புதைத்தவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்றால், எந்தத் தொகையில் அதை அவர் சேர்த்துக்கொள்வார்? கவாத்து நின்றுவிட்டால் தேயிலை மரமாகிவிடும், கல்லறை மறைந்துவிடும். அதற்கு முன்னால் எந்தக் கல் யாருடையது என்றாவது எழுதிவைக்க வேண்டாமா?

அதனால்தான் இங்கே வந்து இவ்வளவு நேரம் பேசுகிறேன். நாவலை எழுதப் பத்து ஆண்டு ஆகலாம். அதுவரை அதன் சரக்கு காத்திருக்காது. காட்டை வெட்டிய தலைமுறையை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருக்கிற ஆச்சிமார் சிலர்தான். கல்லூரிப் பிள்ளைகளே, அவர்களிடம் போய்ப் “பழைய கதை சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எல்லோருக்கும் சொல்கிற கதையைத்தான் சொல்வார்கள். லைன் வீட்டில் அடுப்பு எந்த மூலையில் இருந்தது, பிரசவத்துக்கு யார் வந்தார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், எந்த லைன்காரரோடு பேச்சு இல்லை, ஏன் இல்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து இறங்கும்போது டிரங்குப் பெட்டியில் சில தாள்களைக் கொண்டுவந்திருப்பீர்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். துண்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரி அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட டி.சி., ஞானஸ்நானச் சீட்டு, நாலுமுக்கு என்றோ ஊத்து என்றோ விலாசம் போட்ட பழைய ரேஷன் கார்டு. புது வீட்டில் இடமில்லை, செல்லாத தாள்தானே என்று அவற்றை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். வெள்ளையடிக்கும்போது ஆக்கர்காரனுக்கும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாவலாசிரியருக்கு அவை தேவைப்படும் என்பது இருக்கட்டும். நாளைக்கு உங்கள் பேத்தி ஏதோவொரு அலுவலகத்தில் பூர்வீகம் எது என்று எழுதவேண்டி வரும்போது, அந்த ஊர் இருந்தது, அதில் தன் ஆட்கள் இருந்தார்கள் என்று காட்ட அவள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்கள்தான். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, யார் யாருடையது என்று பின்னால் பெயர் எழுதி வையுங்கள். எழுத்து வராதவர்களுக்கு இங்கே இருக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள்.